குக்கரில் வெந்த சுவர்

இட்லிக்கும் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கும் என்ன ஒற்றுமை? 'ரெண்டுமே மாசக் கடைசியில் கடன்' என்று பதில் சொல்லும் பிரம்மச்சாரிகளுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் சொல்ல வந்தது வேறு. இரண்டும் ஒரே மாதிரிதான் தயாராகின்றன. முதலில் மாவு கரைக்கிறார்கள். அப்புறம் பொங்க விடுகிறார்கள். கடைசியில் ஆவியில் வேக வைக்கிறார்கள். ஒன்றுக்குச் சட்னி உண்டு. மற்றதற்கு இ.எம்.ஐ. உண்டு.

நம்பாதவர்கள், புதிதாக எழும்பும் அடுக்குமாடி எதையாவது எட்டிப் பாருங்கள். செங்கல் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் கலந்த வெள்ளையில், தலையணை சைஸில் கற்கள் அடுக்கியிருக்கும். ஏ.ஏ.சி. பிளாக் என்று பெயர். 'ஆட்டோகிளேவ்ட் ஏரேட்டட் கான்கிரீட்' என்று முழுசாகச் சொன்னால் மேஸ்திரிகள் முறைக்கிறார்கள். அவர்களுக்கு அது 'லைட் வெயிட் கல்லு'. அவ்வளவுதான்.

நண்பன் ஒருவன் இப்படிப்பட்ட ஃப்ளாட் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ். இருபது வருஷக் கடன். கட்டடம் பாதி எழும்பிய நிலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். பூசாத சுவரில் ஓர் ஆணியை வைத்து நாலு தட்டு தட்டினான். வெண்ணெயில் போவது போல உள்ளே போயிற்று. விரலால் இழுத்தான். அதே மரியாதையோடு வெளியே வந்துவிட்டது. கூடவே கொஞ்சம் பவுடர்.

''டேய், இது சுவரா, ரஸ்க்கா? இதுக்கா இருபது வருஷம் கட்டப் போறேன்?''

முகம் வெளிறிவிட்டது அவனுக்கு. பக்கத்தில் இருந்த மேஸ்திரி சிரித்தார்.

''பயப்படாதீங்க ஸார். இது ஸ்டீம்ல வெந்த கல்லு. ஆணி அடிக்கக் கூடாது. பிளக் போட்டு ஸ்க்ரூ முறுக்கணும்.''

''கல்லு எப்படிங்க வேகும்?''

''அதெல்லாம் எனக்குத் தெரியாது ஸார். ரயில் பெட்டி மாதிரி குக்கர் வெச்சிருக்காங்க. உள்ள அனுப்பறப்போ கத்தியால வெட்டலாம். வெளிய வர்றப்போ கல்லு.''

மேஸ்திரி சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் 'எப்படி வேகும்' என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் பி.காம்.தான், கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் ப்ளஸ் டூவோடு விவாகரத்து ஆகிவிட்டது. இருந்தாலும் நோண்டிப் பார்த்ததில், இந்தக் கல்லுக்குள் ஸ்காட்லாந்து, ரோம், ஸ்வீடன், எண்ணெய்க் கிணறு, லண்டன் கண்காட்சி எல்லாமே இருக்கின்றன.

*

முதலில் சமையல் குறிப்பு.

நைசாக அரைத்த மணல் (அல்லது அனல்மின் நிலையத்துச் சாம்பல்), சுண்ணாம்பு, சிமென்ட், துளி ஜிப்சம், தண்ணீர். இட்லி மாவு பதத்துக்குக் கரைத்து, அதில் அலுமினியப் பவுடர் சேர்க்கிறார்கள். ஒரு கன மீட்டர் கல்லுக்குச் சுமார் அரை கிலோ போதும். அலுமினியம் சுண்ணாம்புத் தண்ணீரில் பட்டதும் ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது. மாவு பொங்குகிறது. நம் வீட்டில் ராத்திரி முழுக்க உளுந்தும் அரிசியும் செய்கிற வேலையை இங்கே அலுமினியம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. ஹைட்ரஜன் வெளியே போய், அந்த ஓட்டைகளில் காற்று குடியேறிவிடும். ஆகவே 'சுவருக்குள் ஹைட்ரஜன் இருக்கே, தீபாவளிக்கு வெடிக்குமா?' என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

சில மணி நேரத்தில் மாவு கெட்டித் தயிர் பதத்தைத் தாண்டி சோப்பு பதத்துக்கு வரும். அப்போது கம்பியால் துண்டு போடுகிறார்கள். பிறகு தண்டவாளத்தில் தள்ளி, நீளமான இரும்புக் குழாய்க்குள் அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள். இதுதான் ஆட்டோகிளேவ். மேஸ்திரி சொன்ன ரயில் பெட்டி.

வீட்டு பிரஷர் குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே சுமார் 120 டிகிரி செல்சியஸ். அதற்கே பருப்பு சரணடைந்துவிடுகிறது. ஆட்டோகிளேவில் சுமார் 190 டிகிரி. வெளிக்காற்றைப் போல 12 மடங்கு அழுத்தம். எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். அதாவது, நீங்கள் ஆபீஸ் போய், டீ குடித்து, மேனேஜரிடம் திட்டு வாங்கி, பஸ் பிடித்து வீடு வந்து சேரும் வரை அந்தக் கல் வேகிறது. உங்களைப் போலவே!

இவ்வளவு வேக்காடு எதற்கு? காரணம், மணல் ஒரு மகா சோம்பேறி. பழைய காலச் சுண்ணாம்புக் காரையில் மணல் ஒரு வேலையும் செய்வதில்லை. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தானே இறுகிக்கொள்ளும். மணல் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் உண்டு, உங்களுக்குத் தெரியும்.

அந்த சோம்பேறியை 180, 190 டிகிரி சூட்டில், அழுத்தமான நீராவியில், சுண்ணாம்பின் காரத்தில் வைத்துப் பாருங்கள். கரைய ஆரம்பிக்கிறார். சாதாரணத் தண்ணீரில் யுகக் கணக்கில் கரையாத மணல் கரைந்து, சுண்ணாம்போடும் தண்ணீரோடும் கை கோத்து, புதிதாக ஒரு கனிமமாகவே மாறிவிடுகிறது. மூன்று பேர் பார்ட்னர்ஷிப்: கால்சியம், சிலிக்கா, தண்ணீர். 'கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்' என்று ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவு. சூடான நீர், அழுத்தம் இரண்டையும் வைத்துக் கனிமம் செய்கிற இந்த வித்தைக்கு 'ஹைட்ரோதெர்மல்' முறை என்று பெயர். பூமி தன் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான வருஷமாகச் செய்துவருகிற சமையல்தான். நாம் காப்பியடித்திருக்கிறோம்.

*

பார்ட்னர்ஷிப் என்றால் பங்கு விகிதம் முக்கியம். இந்த ஏரியா எனக்குப் புரியும்.

ஆரம்பத்தில் சுண்ணாம்பு முந்திக்கொள்கிறது. மணல் வழக்கம் போல லேட். அதனால் முதலில் உருவாவது சுண்ணாம்பு அதிகமுள்ள, ஒழுங்கில்லாத கூழ். நேரம் ஆக ஆக மணல் மேலும் மேலும் கரைகிறது. சிலிக்காவின் பங்கு ஏறுகிறது. 5 கால்சியத்துக்கு 6 சிலிக்கான் என்று கணக்கு டேலி ஆகும்போது, கூழுக்குள் மெல்லிய தகடு தகடாகப் படிகங்கள் முளைக்கின்றன. அதன் பெயர் டோபர்மொரைட். ஏ.ஏ.சி. கல்லின் முதுகெலும்பு இதுதான்.

இன்னும் சூடும் நேரமும் கொடுத்தால் கணக்கு 6-க்கு 6 ஆகி, ஊசி ஊசியாக ஸோனோட்லைட் என்ற இன்னொரு கனிமம் வரும். மெக்ஸிகோவில் ஸோனோட்லா என்ற ஊரில் கிடைத்ததால் 1866-ல் ராமெல்ஸ்பெர்க் என்ற ஜெர்மன்காரர் வைத்த பெயர். இது நெருப்புக்குப் பயப்படாத ஆசாமி. சுமார் 1,000 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும் பாய்லர் போர்வைகள், தீத்தடுப்புக் கதவுகளுக்குள் வைக்கும் பலகைகள் இவற்றிலெல்லாம் ஸோனோட்லைட் ஊசிகள்தான் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன.

சுண்ணாம்பு ரொம்ப அதிகமாகிவிட்டால்? அப்போது வருவது ஆல்ஃபா டைகால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இது வில்லன். படிகம் கனமாக, அடர்த்தியாக இருக்கும். அதனால் கொஞ்ச இடத்தில் சுருங்கிக்கொண்டு, சுற்றிலும் ஓட்டைகளை விட்டுவிடும்.

இந்த வில்லன் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவன். கிணற்றின் இரும்புக் குழாயைச் சுற்றி சிமென்ட் ஊற்றி அடைப்பார்கள். ஆழம் போகப் போக பூமிக்குள் சூடு ஏறும். சுமார் 110 டிகிரியைத் தாண்டினால், நல்ல சிமென்டே மெள்ள மெள்ள அந்த வில்லனாக மாறி, பலம் இழந்து, ஒழுக ஆரம்பிக்கும். மருந்து என்ன தெரியுமா? சிமென்டோடு 35 முதல் 40 சதவிகிதம் அரைத்த மணல் மாவு சேர்ப்பது. சிலிக்கா பங்கு ஏறினால் வில்லனுக்குப் பதில் டோபர்மொரைட்டும் ஸோனோட்லைட்டும் வந்து காப்பாற்றிவிடும். கோடி கோடியாகக் கொட்டித் தோண்டிய கிணற்றை மணல் காப்பாற்றுகிறது. சோம்பேறிகளைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

*

டோபர்மொரைட் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்துக்கு மேற்கே மல் என்று ஒரு தீவு. அதில் டோபர்மரி என்று ஒரு துறைமுக ஊர். 1880-ல் மாத்யூ ஹெடில் என்பவர் அங்கே எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் ஒரு கனிமத்தைக் கண்டு, அந்த ஊர்ப் பெயரை வைத்தார். ஹெடில் அடிப்படையில் டாக்டர். அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கெமிஸ்ட்ரி பேராசிரியர். ஓய்வு நேரமெல்லாம் சுத்தியலோடு மலை மலையாக அலைந்தவர்.

அதே 1880-ல், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மிஹாயேலிஸ் என்ற சிமென்ட் நிபுணர் ஒரு பேடன்ட் வாங்குகிறார். சுண்ணாம்பையும் மணலையும் பிசைந்து, அழுத்தமான நீராவியில் வைத்தால் கல்லாகிறது என்று. ஒருவர் தீவில் இயற்கை செய்ததைப் பொறுக்கி எடுக்கிறார். இன்னொருவர் பாத்திரத்தில் அதே சமையலைச் செய்கிறார். வருஷம்கூட ஒன்றே! இரண்டும் ஒரே குடும்பம் என்று உறுதியாகச் சொல்ல எக்ஸ்-ரே வந்தாக வேண்டியிருந்தது.

அதைப் படம் பிடித்துச் சொன்னவர்களில் ஒருவர் ஹெலன் மெகா. டப்ளினில் பிறந்து கேம்ப்ரிட்ஜில் வேலை செய்த விஞ்ஞானி. 1956-ல் கெல்ஸி என்பவரோடு சேர்ந்து டோபர்மொரைட்டுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று வெளியிட்டார். அதற்கு முன்னாலேயே அவர் செய்த இன்னொரு காரியம் சுவாரஸ்யம். எக்ஸ்-ரேயில் கிடைக்கும் அணு வரைபடங்கள் கோலம் மாதிரி அழகாக இருக்கின்றனவே, துணியில் அச்சடித்தால் என்ன என்று யோசனை சொன்னார். 1951-ல் லண்டனில் நடந்த 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' கண்காட்சிக்காக 28 கம்பெனிகள் அந்த யோசனையைக் கையில் எடுத்தன. துணி, வால்பேப்பர், கார்ப்பெட், பீங்கான் எல்லாவற்றிலும் அணுக்கோலம். அந்த டிசைன்களில் ஒன்று ஆஃப்விலைட். அதுவும் ஒரு கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்தான். சுவருக்குள் இருக்க வேண்டிய சமாசாரம் சுவருக்கு மேலேயும் ஏறிவிட்டது!

*

சரி, அணுக்கள் எப்படித்தான் அடுக்கியிருக்கின்றன? பரோட்டாக் கடைக்கு வாருங்கள்.

டோபர்மொரைட் ஒரு லேயர் பரோட்டா. நடுவில் கால்சியம் அடுக்கு, இரண்டு பக்கமும் சிலிக்கா சங்கிலிகள், அடுத்த லேயருக்கும் இதற்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர். மறுபடி அதே வரிசை. தண்ணீர் அதிகம் இருந்தால் லேயரின் தடிமன் 14 ஆங்ஸ்ட்ராம். கொஞ்சம் போனால் 11. 300 டிகிரிக்குச் சூடாக்கிப் பிழிந்துவிட்டால் 9. (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்றால் ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கு போட்டதில் ஒரு பங்கு. நம் இன்க்ரிமென்ட் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.) சில டோபர்மொரைட்கள் மட்டும் எவ்வளவு காய்ச்சினாலும் 11-லிருந்து இறங்க மாட்டேன் என்கின்றன. அப்படி ஒரு பிடிவாதம்.

இப்போது நம் சாதாரண சிமென்டைப் பாருங்கள். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் பேடன்ட் வாங்கிய போர்ட்லேண்ட் சிமென்டின் வாரிசு. தண்ணீர் ஊற்றினால் இதிலும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட்தான் உருவாகிறது. நம் பாலங்களையும் அணைகளையும் பிடித்து வைத்திருக்கும் பசை அதுதான். ஆனால் வேக வைக்காததால் படிகமாகாமல் கூழாகவே நின்றுவிடுகிறது. சரக்கு அதே லேயர் பரோட்டாவின் சரக்கு. ஆனால் கொத்திப்போட்டது. கொத்து பரோட்டா!

கொத்து பரோட்டாவும் ருசிதான், கூழும் பலம்தான். குறை எங்கே என்றால், ஒழுங்கில்லாத லேயர்களுக்கு நடுவே ஏராளமாகத் தண்ணீர் மாட்டிக்கொண்டிருக்கும். அது காயக் காயச் சரக்கு சுருங்கும். கெட்டியான கான்கிரீட்டில் நடுவே ஜல்லி நின்று சுருக்கத்தைத் தடுத்துவிடுகிறது. ஆனால் முக்கால் பங்கு காற்றாக இருக்கும் கல்லில் தடுக்க யார் இருக்கிறார்கள்? சுருங்கினால் விரிசல். படிகமாகிவிட்ட டோபர்மொரைட் தகடுகளோ ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டு நிற்கும். அவ்வளவாகச் சுருங்காது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் ஆக்ஸெல் எரிக்ஸன் என்ற ஆர்க்கிடெக்ட். முதல் உலகப் போருக்குப் பின், எரிபொருள் பஞ்சத்தில் குளிர் தாங்கும் சுவர் தேடிக்கொண்டிருந்த நாடு. 1920-களில் அவர் அலுமினியப் பவுடர் போட்டுப் பொங்கிய கல்லை, சீக்கிரம் இறுகட்டும் என்று ஆட்டோகிளேவில் வைத்தார். சீக்கிரம் இறுகியது. கூடவே சுருக்கமும் வெகுவாகக் குறைந்தது. 1929-ல் இக்ஸ்ஹுல்ட் என்ற ஊரில் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது. அந்த ஊர்ப் பெயரும் கான்கிரீட்டுக்கான ஸ்வீடிஷ் வார்த்தையான 'பெடோங்'கும் சேர்ந்துதான் பின்னால் 'இடாங்' என்ற பிராண்ட் பெயர் ஆயிற்று.

*

ஸ்வீடன் கதையில் ஒரு கசப்பும் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் தப்பு.

சுண்ணாம்பு தயாரிக்க அவர்கள் 'ஆலம் ஷேல்' என்ற கறுப்புப் பாறையைப் பயன்படுத்தினார்கள். அந்தப் பாறையிலேயே எரியக்கூடிய பொருள் இருப்பதால் விறகுச் செலவு மிச்சம். கல்லும் அழகான நீலச் சாயலில் வந்தது. 'நீலக் கான்கிரீட்' என்று பெயர் வைத்து வீடு வீடாகக் கட்டினார்கள். பிரச்னை, அந்தப் பாறையில் யுரேனியமும் இருந்தது. யுரேனியம் சிதைந்து ரேடியம். ரேடியம் சிதைந்து ரேடான் என்ற வாயு. நிறமில்லை, மணமில்லை. சுவரிலிருந்து அறைக்குள் மெள்ளக் கசியும். நீண்ட காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடும். 1975-ல் நீலக் கான்கிரீட் உற்பத்தியை நிறுத்தினார்கள். கட்டிய வீடுகளை என்ன செய்ய? அளந்து பார்த்து, காற்றோட்டம் கூட்டிச் சமாளிக்கிறார்கள்.

இதில் டோபர்மொரைட் மேல் ஒரு தப்பும் இல்லை. வேக வைத்ததிலும் தப்பில்லை. மாவில்தான் தப்பு. சமையல் சரியாக இருந்தாலும் மளிகை சரியாக இருக்க வேண்டும். நம் ஊரில் செய்யும் கல் அந்தப் பாறையில் செய்வதல்ல என்பதால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் 'இதில் என்ன போட்டிருக்கீங்க?' என்று கேட்கிற பழக்கம் நல்லது.

*

வேகவைத்த கல்லுக்கு ஆயுசு எவ்வளவு? இதற்கு ரோமானியர்கள் பதில் சொல்கிறார்கள்.

பிரான்ஸில் ப்ளோம்பியேர் என்ற ஊரில் வெந்நீர் ஊற்றுகள். ரோமானியர்கள் அங்கே சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு ஸ்நானக் கட்டங்கள் கட்டினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வெந்நீர் அந்தக் கான்கிரீட் வழியே ஊறிக்கொண்டே இருந்தது. 19-ம் நூற்றாண்டில் டோப்ரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதை உடைத்துப் பார்த்தால், உள்ளே புதுக் கனிமங்கள் முளைத்திருக்கின்றன! அதில் ஒன்றுக்கு 1858-ல் ஊர்ப் பெயரையே வைத்து ப்ளோம்பியரைட் என்றார். நாம் மேலே பார்த்த அந்த 14 ஆங்ஸ்ட்ராம் தடிமன் உள்ள உருப்படிதான் இது. ஆட்டோகிளேவ் இல்லை, கதவு இல்லை. சிம்மில் வைத்த அடுப்பு, அவ்வளவுதான்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் கடலுக்குள் ரோமானியர்கள் போட்ட துறைமுகக் கான்கிரீட் இன்னொரு ஆச்சரியம். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கடல் நீரும் கலந்தது. அமெரிக்க விஞ்ஞானி மேரி ஜாக்ஸன் குழுவினர் 2013-லும் 2017-லும் வெளியிட்ட ஆய்வுகளில், அதற்குள் அலுமினியம் கலந்த டோபர்மொரைட் இருப்பதைக் காட்டினார்கள். பெரிய பெரிய பாளங்களாகப் போட்டதால் இறுகும்போது உண்டான சூடே ஒரு பங்கு வேக வைத்துவிட்டது. பிற்பாடு கடல் நீர் உள்ளே ஊறி, எரிமலைச் சாம்பலைக் கரைத்துக் கரைத்து, விரிசல்களிலும் பொந்துகளிலும் புதிய படிகங்களை வளர்த்துவிட்டது. கடல் நீர் நம் கான்கிரீட்டில் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ரோமானியரிடம் கம்பியே இல்லை. இரண்டாயிரம் வருஷமாகியும் நிற்கிறது. எரிமலைச் சாம்பலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் அனல்மின் நிலையத்துச் சாம்பலிலும் உண்டு. அதனால்தான் நம் ஊர்க் கல்லிலும் டோபர்மொரைட்டுக்குள் கொஞ்சம் அலுமினியம் புகுந்துகொள்கிறது. ரோமாபுரி சக்கரவர்த்திக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

*

இனி காசு கொடுப்பவர்களுக்கான விஷயம்.

அடுக்குமாடியில் பாரத்தைத் தாங்குவது தூண்களும் பீம்களும். நடுவே இருக்கும் சுவர் சும்மா தடுப்பு. ஆகவே ஆணி உள்ளே போகிறது என்பதற்காக 'வீடு விழுந்துடும்' என்று பயப்பட வேண்டாம். ஒரு கன மீட்டர் செங்கல் சுமார் 1,800 கிலோ என்றால், இந்தக் கல் சுமார் 600 கிலோ. சுவர் எடை குறைந்தால் தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் பாரம் குறைகிறது. உள்ளே காற்று இருப்பதால் வெயில் சூடும் சட்டென்று உள்ளே வராது.

கவனிக்க வேண்டியது வேறு. பார்ப்பதற்கு இதே மாதிரி, இதே கலரில், இதே லேசாக இன்னொரு கல் உண்டு. சி.எல்.சி. என்பார்கள். சிமென்ட் கூழில் சோப்பு நுரை கலந்து, அச்சில் ஊற்றி, தண்ணீர் தெளித்து இறுக வைப்பது. பெரும்பாலும் ஆட்டோகிளேவ் கிடையாது. அது ஏமாற்று வேலை அல்ல. அதற்கும் தனித் தரம் இருக்கிறது. ஆவியில் வெந்த கல்லுக்கு ஐ.எஸ். 2185 மூன்றாம் பாகம். நுரைக் கல்லுக்கு நான்காம் பாகம். ஆனால் நுரைக் கல் கொத்து பரோட்டா வகை. காயும்போது பல மடங்கு அதிகம் சுருங்கும். போதிய நாள் வைத்துக் காயவிட்டு, அதன் சுருக்கம் முடிந்த பிறகே சுவர் எழுப்ப வேண்டும். அவசரப்பட்டால், கிருகப்பிரவேசம் முடிந்து ஆறு மாசத்தில் சுவரில் ஆறுகள் ஓடும்.

'தண்ணில போடுங்க ஸார், மிதந்தா ஒரிஜினல்' என்று சிலர் டெமோ காட்டுவார்கள். இரண்டும் மிதக்கும். தண்ணீரைவிட அடர்த்தி குறைந்த எதுவும் மிதக்கும். பக்கெட்டை நம்பாதீர்கள், பேப்பரைக் கேளுங்கள். எந்தப் பாகத்துத் தரம், அடர்த்தி என்ன, நசுக்கு பலம் என்ன, காயும்போது சுருக்கம் எவ்வளவு. இந்த நாலும் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டில் இருக்க வேண்டும். கம்பெனி பாலன்ஸ் ஷீட் கேட்டால் கொடுக்க யோசிப்பார்கள். இதைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே போல, வெந்த கல்லையும் மேஸ்திரி கெடுக்கலாம். செங்கல் பழக்கத்தில் தொட்டியில் முக்கி முக்கி ஊறவைத்துக் கட்டினால், குடித்த தண்ணீரையெல்லாம் அப்புறம் சுவரில் வைத்துக் கக்கும். பூச்சு வெடிக்கும். லேசாக நனைத்து, அதற்கென்று விற்கும் மெல்லிய பசையால் ஒட்டுவதே முறை. மாட்டுவதற்கு ஆணி வேண்டாம்; இந்தக் கல்லுக்கென்று இருக்கும் பிளக்கும் ஸ்க்ரூவும்.

இன்னொன்று. கல்லை மெஷினில் உலர்வாக அறுக்கும்போது பறக்கிற தூளில் கரையாமல் மிஞ்சிய மணல் இருக்கும். தினமும் நுரையீரலுக்குள் போனால் சிலிகோஸிஸ் என்ற வியாதி வரும், வந்தால் போகாது. சைட்டைப் பார்க்கப் போகிறவர்கள், அறுக்கிறவர் முகத்தில் மாஸ்க் இருக்கிறதா, கொஞ்சம் தண்ணீர் தெளித்து அறுக்கிறாரா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் இன்ஜினீயரிடம் கேளுங்கள். சுவர் உங்களுடையது என்றால் அந்தத் தூளிலும் உங்களுக்குப் பங்கு உண்டு.

டோபர்மரிக் கல்லை வெளிநாட்டு மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள், சின்னச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அதே சரக்கை நீங்கள் டன் கணக்கில், இருபது வருஷத் தவணையில் வாங்குகிறீர்கள். 'நல்லா வெந்திருக்கா?' என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? இரண்டு ரூபாய் இட்லி விற்ற காலத்திலேயே கேட்டவர்கள்தானே நாம்!